‘அசையாம நில்லுங்க’ முதல் ‘இயல்பா சிரிங்க’ வரை: கல்யாணப் படத்தின் கதை



சென்ற மாதம் நம் கம்யூனிட்டி ஹாலில் ஒரு நிச்சயதார்த்தம். மோதிரம் மாற்றி முடிந்து எல்லோரும் கைதட்டியும் ஆயிற்று. அப்போது கேமராக்காரத் தம்பி, “அண்ணா, மோதிரத்தைக் கழட்டி இன்னொரு தடவை போடுங்க. கேமராவைப் பார்க்காதீங்க, இயல்பா சிரிங்க” என்றார். மாப்பிள்ளையும் கழற்றிப் போட்டார். ஒருமுறை அல்ல, மூன்று முறை. என் பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவர் மெதுவாகச் சொன்னார்: “எங்க காலத்துல சிரிக்காதேன்னு சொன்னாங்க. இப்போ இயல்பா சிரின்னு சொல்றாங்க. ரெண்டுமே ஆர்டர்தான் சார்.”

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை. கல்யாணப் படத்தில் நாம் ஏன் விறைப்பாக நிற்க ஆரம்பித்தோம்? அந்த விறைப்பு எப்போது, எதனால் தளர்ந்தது? தேடிப் படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். கடைசியில் உங்களுக்கு ஒரு சின்ன வேலையும் வைத்திருக்கிறேன்.

கழுத்துக்குப் பின்னால் ஒரு இரும்புக் கம்பி

பிரான்ஸில் டாகுவேர் கண்டுபிடித்த புகைப்பட முறை 1839-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் படம் விழும். ஆரம்பத்தில் நல்ல வெயிலிலேயே ஒரு படத்துக்குப் பல நிமிடங்கள் பிடித்தன. சில ஆண்டுகளில் அது நிமிடத்துக்கும் கீழே இறங்கியது. அப்போதும் அத்தனை விநாடிகள் ஒரு மனிதர் அசையாமல் இருப்பது லேசான காரியமா? அதனால் ஸ்டூடியோக்களில் ஆளுக்குப் பின்னால் ஒரு இரும்புத் தாங்கியை நிறுத்தி, தலையை அதில் முட்டுக் கொடுத்து வைப்பார்கள். படத்தில் அது தெரியாது. முகத்தில் இருக்கும் இறுக்கம் மட்டும் தெரியும்.

சிரிப்பு விநாடிக்கு விநாடி மாறும். இறுக்கிய உதடு மாறாது. பழைய படங்களில் நம் முன்னோர் சிரிக்காததற்கு இதுவும் ஒரு காரணம். படம் என்றால் கம்பீரமாக இருக்க வேண்டும் என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. கருவிக்குத் தேவையாக இருந்தது போகப் போக மரியாதையாகவே மாறிவிட்டது.

நடுங்கிய ராணி

இங்கிலாந்தின் விக்டோரியா ராணிக்குக் கல்யாணம் நடந்தது 1840 பிப்ரவரியில். அந்தக் கல்யாணத்துக்குப் புகைப்படமே கிடையாது. ராணியும் ஆல்பர்ட் இளவரசரும் சேர்ந்திருக்கும் படம் ஒன்றை ரோஜர் ஃபென்டன் எடுத்தது 1854-இல், அதாவது 14 ஆண்டுகள் கழித்து. இன்றும் பலர் அதைக் கல்யாணப் படம் என்றே நினைத்துப் பகிர்கிறார்கள்.

அதைவிட எனக்குப் பிடித்தது அடுத்த தலைமுறைக் கதை. 1858 ஜனவரி 25 அன்று ராணியின் மூத்த மகளுக்குக் கல்யாணம். தேவாலயத்துக்குப் புறப்படும் முன் அரண்மனையிலேயே அம்மா, அப்பா, மகள் மூவரையும் நிறுத்தி ஒரு படம் எடுத்தார்கள். எடுத்தவர் டி.ஆர்.வில்லியம்ஸ். மகள் தெளிவாக விழுந்திருக்கிறார். ராணியின் உருவம் மட்டும் கலங்கலாக இருக்கிறது. மகளை அனுப்பப் போகும் பதற்றத்தில் தன் உடம்பு நடுங்கியதால்தான் அப்படி ஆனது என்று ராணியே தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

ஒரு சாம்ராஜ்யத்தின் தலைவியை அன்று எப்படியெல்லாமோ படம் பிடித்திருக்கிறார்கள். ஆனால் மகளைக் கட்டிக்கொடுக்கும் ஒரு அம்மா எப்படி இருந்தார் என்று காட்டுவது அந்தக் கலங்கல்தான். கணக்குப்படி அது பிழையான படம். அந்தப் பிழைக்குள்தான் அன்றைய காலை இருக்கிறது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இதற்குத் திரும்பி வருவேன்.

மதராஸுக்கு வந்த கேமரா

நம் ஊருக்கும் கேமரா சீக்கிரமே வந்துவிட்டது. சென்னையில் ஓவியப் பள்ளியை நிறுவிய டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் 1856-இல் மதராஸ் புகைப்படச் சங்கத்தைத் தொடங்கினார். 1858-இல் லின்னேயஸ் டிரைப் மதுரை, தஞ்சாவூர் கோயில்களைப் படமெடுத்தார். கோயில் கோபுரம் அசையாது. அந்தக் காலக் கேமராவுக்கு அதுபோல் வசதியான ஆள் வேறு யார்?

அப்போது பரவலாகியிருந்தது 1851-இல் வந்த ஈரத் தகடு முறை. கண்ணாடியில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, அந்த ஈரத்திலேயே கழுவிவிட வேண்டும். இருட்டறை பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். நம் வெயிலில் காய்வது இன்னும் வேகம். இப்படிப்பட்ட கருவியைத் தூக்கிக்கொண்டு யார் கல்யாண வீட்டுக்குப் போவார்கள்? ஆகவே கேமரா கல்யாணத்துக்கு வரவில்லை, கல்யாணத் தம்பதிதான் கேமராவைத் தேடிப் போனார்கள்.

உலர்ந்த தகடுகள் வந்து படமெடுக்கும் நேரம் விநாடிக்குள் சுருங்கிய பிறகும் இந்தப் பழக்கம் நம் ஊரில் பல பத்தாண்டுகள் நீடித்தது. கல்யாணம் முடிந்து சில நாள் கழித்து, பட்டுப் புடவையும் கோட்டுமாக ஸ்டூடியோவுக்குப் போவார்கள். பின்னால் வரைந்த திரை. பக்கத்தில் ஒரு பூ ஜாடி. ஒருவர் நாற்காலியில், மற்றவர் அதன் தோளில் கை வைத்து நின்றபடி. போட்டோ எடுத்தால் ஆயுள் குறையும் என்று பயந்து அதற்கும் போகாத குடும்பங்கள் நிறைய.

பன்னிரண்டே படம்

இனி உங்களில் பலருக்குத் தெரிந்த காலம். 1960, 70-களின் கல்யாண மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். போட்டோகிராபர் கழுத்தில் இரட்டை லென்ஸ் கேமரா, ரோலிஃப்ளெக்ஸோ யாஷிகாவோ. அதில் போடும் 120 ஃபிலிம் சுருளில் சதுரப் படம் 12 தான் எடுக்கலாம். ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற அரசு நிறுவனம் 1960-இல் தொடங்கப்பட்டு, 1967 முதல் ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிம் தயாரித்தது. உள்நாட்டிலேயே ஃபிலிம் கிடைத்தாலும், ஒவ்வொரு படமும் காசுதான். இரண்டு சுருள், 24 படம் என்றால் நடுத்தரக் குடும்பத்துக்கு நல்ல ஆல்பம்.

அந்தக் கேமராவைக் கண்ணுக்கு நேரே பிடிப்பதில்லை. இடுப்பருகே வைத்துக் குனிந்து பார்க்க வேண்டும். கண்ணாடியில் தெரியும் உருவம் இடவலம் மாறியிருக்கும். ஆள் வலப்பக்கம் நகர்ந்தால் கண்ணாடியில் இடப்பக்கம் போவார். ஓடுகிற குழந்தையை அதில் துரத்திப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். மண்டபமோ இருட்டு, கூடவே ஹோமப் புகை. ஃபிளாஷ் பல்பு என்றால் ஒன்று ஒரு படத்துக்குத்தான். பின்னால் வந்த எலக்ட்ரானிக் ஃபிளாஷும் ஒருமுறை மின்னினால் மறுபடி சார்ஜ் ஏறச் சில விநாடிகள் ஆகும்.

இப்போது தாலி கட்டும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘கெட்டிமேளம்’ என்ற குரல், மேளச் சத்தம், நாலு பக்கமும் அட்சதை, எல்லாம் சில விநாடிகள். போட்டோகிராபருக்குக் கிடைப்பது ஒரே ஒரு மின்னல். அது தவறினால் ஒரு குடும்பத்தின் வாழ்நாள் வருத்தத்துக்கு அவர் ஆளாவார். அதனால்தான் “மாப்ளே, கொஞ்சம் அப்படியே நில்லுங்க, இங்க பாருங்க” என்றார். முகூர்த்தம் தவறுகிறதே என்று புரோகிதர் முறைப்பார். மாப்பிள்ளையின் இரண்டு கையும் மணப்பெண்ணின் கழுத்தருகே நிற்கும், கண் மட்டும் கேமராவைப் பார்க்கும். உங்கள் வீட்டு ஆல்பத்தில் இந்தப் படம் கட்டாயம் இருக்கும். ‘அந்தக் காலத்து ஸ்டைல்’ என்று நாம் சிரிக்கும் அந்தப் போஸ், ஒரு ஃபிளாஷும் 12 படமும் சேர்ந்து போட்ட கட்டாயம்.

நேரத்துக்குத் தகுந்தபடி சமாளிக்கும் திறமையும் அவர்களிடம் நிறைய இருந்தது. மேடையில் இடமில்லை என்றால் சமையற்கட்டிலிருந்து ஸ்டூல் வரும். ஃபிளாஷ் வெளிச்சம் முகத்தில் அறையாமல் இருக்க அதை வெள்ளைச் சுவர்ப் பக்கம் திருப்புவார்கள், இல்லையென்றால் மேலே கைக்குட்டையைக் கட்டுவார்கள். அட்சதை எந்தக் கணத்தில் விழும் என்பதை நாதஸ்வரத்தின் வேகத்தைக் கேட்டே கணிப்பார்கள். எடுத்தது விழுந்ததா இல்லையா என்பது கழுவிப் பார்க்கும் வரை தெரியாது. அந்தப் பயத்தோடுதான் அவர்கள் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

சின்னக் கேமராவும் ஒளிந்திருந்தவரும்

இதே காலத்துக்கு முன்பே வேறொரு ஓட்டம் தொடங்கியிருந்தது. 1925-இல் ஜெர்மனியில் லைக்கா கேமரா விற்பனைக்கு வந்தது. வடிவமைத்தவர் ஆஸ்கர் பார்னாக். சட்டைப் பைக்குள் போகும் அளவு, சினிமா ஃபிலிமில் 36 படம் வரை. அதே நாட்டில் எரிக் சாலமன் என்ற வழக்கறிஞர் எர்மனாக்ஸ் என்ற சிறிய கேமராவோடு நீதிமன்றங்களிலும் அரசியல் மாநாடுகளிலும் நுழைந்து, யாரையும் போஸ் கொடுக்கச் சொல்லாமல் படமெடுத்தார். நீதிமன்றத்துக்குத் தொப்பிக்குள் கேமராவை ஒளித்து எடுத்துப் போனார். தலைவர்கள் கொட்டாவி விடுவதும் தூங்கி வழிவதும் முதன்முறை பத்திரிகையில் வந்தன. இவருடைய படங்களைப் பற்றிப் பேசும்போதுதான் லண்டன் பத்திரிகை ஒன்று ‘கேண்டிட்’ என்ற சொல்லைக் கேமராவோடு சேர்த்தது. ஒளிவுமறைவு இல்லாதது என்று பொருள். யூதரான சாலமன் 1944-இல் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். நாம் இன்று கல்யாண பேக்கேஜில் சாதாரணமாகச் சொல்லும் சொல்லுக்குப் பின்னால் இப்படி ஒரு மனிதர் இருக்கிறார்.

அதன் பிறகு ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன். லைக்காவும் கையுமாகத் திரிந்த பிரெஞ்சுக்காரர். ஃபிளாஷ் போட மாட்டார், யாரையும் நிறுத்த மாட்டார். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷியின் இறுதி நாட்களில் திருவண்ணாமலைக்கே வந்து படமெடுத்தவர் இவர். 1952-இல் வந்த இவருடைய புத்தகத்தின் ஆங்கிலத் தலைப்பு ‘தீர்மானிக்கும் கணம்’ என்ற கருத்தை உலகமெங்கும் பரப்பியது. எல்லாம் சரியாகப் பொருந்தி வரும் ஒரு கணம் தானாகவே வரும், படமெடுப்பவர் அதற்குத் தயாராக இருக்க வேண்டும் என்பது சுருக்கம்.

பத்திரிகைக்காரர்களின் இந்தப் பழக்கம் கல்யாணத்துக்குள் நுழைந்த சில நிகழ்ச்சிகள் பதிவில் இருக்கின்றன. 1953 செப்டம்பர் 12-இல் அமெரிக்காவின் நியூபோர்ட் நகரில் ஜான் கென்னடிக்கும் ஜாக்குலினுக்கும் கல்யாணம். படமெடுத்தவர்களில் ஒருவர் டோனி ஃப்ரிஸல் என்ற பெண்மணி. மாடல்களை ஸ்டூடியோவை விட்டு வெளியே அழைத்துவந்து எடுத்துப் பழகியவர். விருந்தினர் நடமாட்டமும் புல்வெளிக் காற்றும் அவர் படங்களில் இருக்கும்.

1981 ஜூலை 29-இல் சார்லஸ், டயானா கல்யாணம். அதிகாரபூர்வக் குடும்பப் படத்துக்குக் கூட்டத்தை அடக்க, படமெடுத்த பேட்ரிக் லிச்ஃபீல்ட் விசில் ஊதினாராம். ஆனால் பலரும் நினைவில் வைத்திருப்பது, போஸ் முடிந்து எல்லோரும் தளர்ந்துபோன பிறகு எடுத்ததை. அதில் டயானா தரையோடு தரையாக உட்கார்ந்து ஒரு சிறுமியைச் சமாதானப்படுத்திக்கொண்டிருக்கிறார்.

1996 செப்டம்பரில் கென்னடியின் மகன் ஜார்ஜியா மாநிலத்தின் ஒரு தீவில், சிறிய மரத் தேவாலயத்தில் சுமார் 40 பேர் முன்னிலையில் ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டார். வெளியே வரும்போது மணமகளின் கையை எடுத்து முத்தமிட்டார். டெனிஸ் ரெஜி அதைப் பிடித்தார். உலகப் பத்திரிகைகளில் எல்லாம் அந்தப் படம் வந்தது. அதைப் பார்த்த எத்தனையோ பேர் தங்கள் கல்யாணத்துக்கும் இப்படி ஒரு படம் வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார்கள். தற்செயல் அங்கிருந்து ஒரு விற்பனைப் பொருள் ஆயிற்று.

ஆர்டர் கொடுத்த தற்செயல்

டிஜிட்டல் கேமராவோடு கட்டாயங்கள் எல்லாம் போயின. ஃபிலிம் செலவு இல்லை. எடுத்ததை அப்போதே திரையில் பார்க்கலாம். விளக்கு வெளிச்சத்திலேயே ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கலாம். நம் ஊரில் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ‘கேண்டிட்’ தனி ஆள், தனிக் கட்டணம் என்று ஆனது. ஒரு கல்யாணத்துக்கு 24 படம் என்பது போய்ச் சில ஆயிரம் படம் என்றானது.

நியாயமாகப் பார்த்தால் இனி யாரையும் நிறுத்தவே தேவையில்லை. ஆனால் நடப்பது என்ன? ஏற்கெனவே பார்த்த அழகான கேண்டிட் படங்கள் மாதிரியாக நம் முன்னால் இருக்கின்றன. அதே கோணம், அதே வெட்கம், அதே கண்ணீர் நமக்கும் வேண்டும். வராவிட்டால் திரும்பச் செய்யச் சொல்கிறோம். அன்று கருவியால் முடியவில்லை என்று நிறுத்தினார்கள். இன்று கருவியால் எல்லாம் முடிந்தும் நிறுத்துகிறோம். இதில் படமெடுக்கும் பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல முடியாது. “எங்க அக்கா ஆல்பத்துல இருந்த மாதிரியே எடுங்க” என்று கேட்பது நாம்தான்.

இருபத்து நான்காவது படம்

இதை ஏன் இவ்வளவு தூரம் எழுதுகிறேன் என்றால், எங்கள் வீட்டுக் கதை ஒன்று இருக்கிறது.

என் பெற்றோரின் கல்யாணம் 1974-இல். இரண்டு சுருள். ஆல்பத்தில் ஒட்டியிருப்பது 23 படம். என் அப்பாவின் அம்மா, எங்கள் அப்பத்தா, இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். மேடைக்கு வரக்கூடாது என்பது அன்றைய வழக்கம். அவரும் வரவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. ஒவ்வொரு குரூப் போட்டோவுக்கும் “பெரியப்பா வாங்க, மாமா வாங்க” என்று பேர் சொல்லிக் கூப்பிட்டு நிறுத்தியிருக்கிறார்கள். பெற்று வளர்த்த பிள்ளையின் கல்யாணத்தில் 23 படத்தில் ஒன்றில்கூட அவர் இல்லை.

இருபத்து நான்காவது படம் ஆல்பத்தின் பின்னட்டைக்குள் செருகிக் கிடந்தது. யாரோ குறுக்கே ஓடியதால் பாதிப் படம் கலங்கல். ஒட்டத் தகுதியில்லை என்று ஒதுக்கியது. அதன் ஓரத்தில், சமையற்கட்டு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, முந்தானையை வாயில் வைத்தபடி மேடையைப் பார்த்து நிற்கிறார் அப்பத்தா. கண்ணில் தண்ணீரா, சிரிப்பா, எங்களால் இன்றுவரை சொல்ல முடியவில்லை. எங்களிடம் இருக்கும் அவருடைய ஒரே படம் அதுதான்.

‘அசையாம நில்லுங்க’ என்று எடுக்கும் படத்தில் யாரை நிறுத்துவது, யாரை விடுவது என்பதை வழக்கமும் அந்தஸ்தும் முடிவு செய்கின்றன. தற்செயலாக விழும் படத்துக்கு அந்தக் கணக்கு தெரியாது. வாசலில் நின்றவரும் அதில் வந்துவிடுகிறார். நடுங்கிய ராணியும் நிலையைப் பிடித்து நின்ற அப்பத்தாவும் எனக்கு ஒரே வரிசையில் நிற்பதாகத் தோன்றுகிறது.

உங்களுக்கு ஒரு சின்ன வேலை

அடுத்து உங்கள் வீட்டில் விசேஷம் வரும்போது போட்டோகிராபரிடம் இரண்டு விஷயம் சொல்லிப் பாருங்கள். ஒன்று, சடங்கை நிறுத்தித் திரும்பச் செய்யச் சொல்ல வேண்டாம், தவறினால் தவறட்டும். இரண்டு, மேடையை விட்டு ஒரு பத்து நிமிடம் இறங்கி, பந்தியையும் சமையற்கட்டையும் பின்வரிசையையும் எடுக்கட்டும். நாதஸ்வரக்காரர், சமையல் மாஸ்டர், நம் ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள், வாசலில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணன் எல்லோரும் அன்றைய நாளின் ஆட்கள்தான். முடிந்த பின், வேண்டாம் என்று ஒதுக்கிய படங்களையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இந்த விடுமுறையிலேயே பழைய ஆல்பத்தைப் பரணிலிருந்து இறக்குங்கள். 70, 80-களின் கலர் படங்கள் சிவந்து வெளிறிக்கொண்டிருக்கும். கறுப்பு வெள்ளை இன்னும் நன்றாகவே இருக்கும். பசைத் தாளில் ஒட்டிய படங்களைப் பிய்க்காதீர்கள், கிழிந்துவிடும். ஜன்னல் வெளிச்சத்தில் அப்படியே வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் போனில் எடுத்துக்கொள்ளுங்கள். சி.டி.யில் இருக்கும் கல்யாணத்தை, அதைப் படிக்கும் கருவி கிடைக்கும்போதே வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். வீட்டுப் பெரியவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, யார் யார் என்று கேட்டுப் பேர் எழுதுங்கள். பேர் தெரிந்தவர் இருக்கும்போதே எழுதாவிட்டால் பிறகு அது வெறும் முகம்.

முக்கியமாக, ஆல்பத்தின் பின்னட்டைக்குள் கைவிட்டுப் பாருங்கள். ஒட்டாமல் விட்ட படம் ஏதாவது கிடைத்தால், அதன் கதையை நாலு வரியில் எழுதி, குடும்பத்தாரின் சம்மதத்தோடு ஆசிரியர் குழுவுக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் ஒரு பக்கம் அதற்காக ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன். முதல் படமாக எங்கள் அப்பத்தாவைக் கொடுத்திருக்கிறேன்.